சிங்க்கில் படியும் துரு எங்கிருந்து வருகிறது?

எவர்சில்வர் சிங்க்கில் செம்பழுப்பாக ஒரு வட்டம் விழுந்ததும், கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அந்தத் துரு சிங்க்கினுடையதே அல்ல. ராத்திரி ஈரத்தோடு போட்டுவைத்த தோசைக்கல், அரிவாள்மனை, இரும்பு நாரின் உதிர்ந்த துணுக்கு, இரும்புச் சத்து கலந்த போர் தண்ணீர் என்று வெளியிலிருந்து வந்து படிந்த இரும்புதான் அங்கே துருப்பிடிக்கிறது.

எவர்சில்வரிலும் பெரும்பகுதி இரும்புதான். 304 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். காப்பாற்றுவது குரோமியம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலத்தை மேற்பரப்பில் உண்டாக்குகிறது. சாதா இரும்பின் துரு பொருபொருவென்று உதிர்ந்து, ஈரத்தை உள்ளே விடும். குரோமியம் படலமோ இறுக ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். கீறல் விழுந்தாலும், காற்றுப் பட்டதும் தானாகவே மீண்டும் உருவாகிவிடும்.

சரி, கறையை எப்படி எடுப்பது? சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும்; துரு அதற்கு மசியாது. அமிலம் வேண்டும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் புளியின் டார்டாரிக் அமிலமும் துருவை மெல்லக் கரைப்பதோடு, கரைந்த இரும்பு அயனிகளைப் பிடித்துவைத்து மறுபடி படியவிடாமல் தடுக்கின்றன. எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைக் கறைமேல் கால் மணி நேரம் போட்டுவைத்து, மென்மையான ஸ்பாஞ்சால் சிங்க்கில் ஓடும் மெல்லிய கோடுகளின் திசையிலேயே தேய்த்துக் கழுவுங்கள். அதற்கும் அசையாத கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பவுடர் இருக்கிறது. நன்றாக வேலை செய்யும், ஆனால் விஷம், கையுறை கட்டாயம்.

எலுமிச்சையையும் சமையல் சோடாவையும் கலந்து நுரை பொங்க ஊற்றுவதைப் பலரும் செய்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. துருவைக் கரைக்க வேண்டிய அமிலம் சோடாவிடமே செலவாகிவிடுகிறது. சோடாவைத் தனியாகக் குழைத்துத் தேய்த்தால் மென்மையான தேய்ப்பானாக உதவும்.

பித்தளைக்குச் செய்வதுபோல் புளியோடு உப்பைச் சேர்க்காதீர்கள். உப்பிலுள்ள குளோரைடுதான் அந்தப் படலத்துக்குப் பரம எதிரி. கழிப்பறைக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைவிட மோசம். கறையோடு சிங்க்கின் பளபளப்பையும் அரித்துவிடும். ப்ளீச்சிங் பவுடரிலும் குளோரின் இருக்கிறது. அதை எந்த அமிலத்தோடு கலந்தாலும் குளோரின் வாயு கிளம்பும்; அடைத்த சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. இரும்பு நாரும் வேண்டாம். இன்றைய கறையைச் சுரண்டி எடுத்துவிட்டு, நாளைய கறைக்கான இரும்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்.

கறை போன பிறகு அந்த இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் கவலையில்லை. நகம் சின்னக் குழியில் தட்டினால், அது சிங்க்கின் சொந்தத் துரு. குழிக்குள் குளோரைடு சேர்ந்து, ஆக்சிஜன் குறைந்து, அமிலத்தன்மை கூடுவதால் படலம் அங்கே மறுபடி உருவாக முடிவதில்லை. நிக்கல் குறைந்த 202 ரகத்தில் இது சீக்கிரமே வரும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து 202-ஐயும் 304-ஐயும் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் பொதுவாக ஒட்டாது. விழுந்த குழியை எந்தப் பவுடராலும் நிரப்ப முடியாது. ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும் சிங்க்கை நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்துவைத்தால் அது வளரும் வேகமாவது குறையும்.