ஊஞ்சல் கயிற்றை வெட்டும் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில், எங்கள் லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தில் ஓர் ஊஞ்சல் தொங்கும். கயிறு நீளமாக இருந்தால் நிதானமாக ஆடும். மேலே சுருட்டிக் கட்டினால் விறுவிறுவென்று ஆடும். தம்பி எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அதன் தாளம் மாறாது. பல வருடம் கழித்து, பொழுதுபோக்காக அலை அனுப்புவோர் வைத்திருக்கும், அலையின் சக்தியைக் கூட்டும் பழைய ஹாம் வானொலி ஆம்ப்ளிஃபையர் ஒன்றை 50 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம் என்று மேசையில் பிரித்துப் போட்டபோது அந்த ஊஞ்சல்தான் நினைவுக்கு வந்தது.

பெட்டி 3.5 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் வகை. உள்ளே சக்தியைக் கூட்டும் 3-500இசட் வால்வு (வெற்றிடக் குழாய்). அது 110 மெகாஹெர்ட்ஸ் வரை முழுத் திறனில் ஓடும், ஆகவே அதைத் தொட வேண்டியதில்லை. வால்வு ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறக்குறையப் பாதி நேரம்தான் உதைக்கிறது. மீதியை ஆடி முடிப்பது, கம்பிச் சுருளான காயிலும் மின்னேற்றத்தைத் தேக்கும் கண்டென்சரும் சேர்ந்த சுற்று. அதுதான் ஊஞ்சல்; மாற்ற வேண்டியதும் அதைத்தான்.

28.5-இலிருந்து 50-க்குப் போக, காயிலின் மதிப்பையும் கண்டென்சரின் மதிப்பையும் ஏறக்குறைய 0.57 மடங்காகக் குறைக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் பழையதில் மூன்றில் ஒரு பங்கு வரும். காகிதத்தில் இவ்வளவுதான்.

வம்பு கண்டென்சரில் தொடங்குகிறது. 2,500 வோல்ட், 0.4 ஆம்பியர் என்றால் வால்வு தன் முன்னால் எதிர்பார்க்கும் சுமை 3,500 ஓம் அளவு. அதற்கு 3.6 மெகாஹெர்ட்ஸில் 150 பிக்கோஃபாரட் கொள்ளளவுள்ள கண்டென்சர் வேண்டும்; 28.5-இல் 19, 50-இல் வெறும் 11. வால்வும் சுற்றியுள்ள தகடுகளும் சேர்ந்தே ஏழெட்டு பிக்கோஃபாரட்டைத் தின்றுவிடும். என் பெட்டியிலிருந்த பெரிய கண்டென்சரை முழுக்கத் திறந்து வைத்தாலும் அது 15-க்குக் கீழே இறங்காது. அப்படியே ஓட்டினால் தேவைக்கு இரண்டு மடங்கு கொள்ளளவு. காயிலுக்குள் சுற்றி ஓடும் மின்னோட்டமும் அதே அளவுக்கு ஏறும். ஏரியலுக்குப் போக வேண்டிய சக்தி காயிலைச் சுட வைக்கும். அதைக் கழற்றிவிட்டு, இலை குறைந்த சின்னக் கண்டென்சர் ஒன்றைப் பொருத்தினேன்.

காயிலுக்கு ஒரு மைக்ரோஹென்றி, அதாவது ஆயிரம் நானோஹென்றி, போதும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி என்பதை மறக்கக் கூடாது. அலைவரிசை மாற்றும் சுவிட்சுக்குப் போய்வரும் 10 சென்டிமீட்டர் கம்பியே காயிலில் பத்தில் ஒரு பங்கு. சரி, சுவிட்சையும் பிடுங்கியாயிற்று. அலை வால்வுக்குள் நுழையும் உள்வழிச் சுற்றுக்கும் இதே கணக்குதான், சின்ன அளவில்.

நான் சூடுபட்டது சோக்கில். உயர் அழுத்த மின்சாரத்தை உள்ளே விட்டு, ரேடியோ அலையை வெளியே தப்பவிடாமல் தடுக்கும் நீளச் சுருள் அது. அதன் சுற்றுகளுக்கு இடையிலும் கொஞ்சம் கொள்ளளவு உண்டு. சில அதிர்வெண்களில் சுருளும் அந்தக் கொள்ளளவும் கூட்டுச் சேர்ந்து, தடுக்க வேண்டிய சோக்கே வழிவிட்டுவிடும். பழைய சோக்கின் அந்த இடம் 50-க்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. புகை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது குட்டைச் சோக் போட்டிருக்கிறேன்.

அப்புறம் ட்யூனிங். மின்சாரத்தைத் துண்டித்து, பிளக்கைக் கழற்றி, உயர் அழுத்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கண்டென்சர்கள் வடியக் காத்திருந்து, காப்பிட்ட கோலால் தரைக்குத் தொட்டுப் பார்த்த பிறகே கையை உள்ளே விடவேண்டும். 2,500 வோல்ட் இரண்டாவது வாய்ப்புத் தராது. வால்வு தன் இடத்திலேயே இருக்க, அதன் வெளியீட்டு முனையான ஆனோடிலிருந்து தரைக்கு 3,500 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, ஏரியல் மாட்டும் வெளிவழியில், சுற்று எத்தனை ஓம் காட்டுகிறது என்று அளக்கும் நானோ வி.என்.ஏ. என்ற சிறு கருவியை இணைத்தேன். ரெசிஸ்டர் ஓடும் வால்வுபோல நடிக்கும். காயில் சுற்றுகளை விரலால் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் அமுக்கி, ஏரியல் பக்கத்துக்குத் தேவையான 50 ஓம் தெரியும்வரை சரிசெய்தேன். அளந்து முடித்ததும் ரெசிஸ்டரை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக வடிகட்டி. 50-இல் அனுப்பும்போது அதன் இரட்டிப்பான 100-லும் கொஞ்சம் அலை கசியும். அது பண்பலை வானொலிகள் உட்காரும் 88–108-க்கு நடுவில். மின்னல் எஃப்.எம். கேட்டுக்கொண்டே சமைக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் யார் திட்டு வாங்குவது? 50-ஐ விட்டு 100-ஐ அடைக்கும் வடிகட்டியைப் போட்டுவிட்டு, உரிமத்தில் உள்ள சக்தி வரம்புக்குள் அனுப்பியபடி வேலிப்பக்கம் போய்க் கேட்டேன்.

“அக்கா, ரேடியோ கரகரங்குதா?”

“பாட்டு நல்லாத்தான் வருது தம்பி. நடுவுல விளம்பரந்தான் ஜாஸ்தி. அதை நிறுத்த ஏதாச்சும் பண்ணு.”