கடையில் இல்லை என்பதால் காப்புரிமை கிடைத்துவிடாது

காப்புரிமை விண்ணப்பம் எழுதும் எங்களிடம், குழந்தைகளுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லித்தரும் பலகையோடு மறுபடியும் ஒருவர் வந்தார். ஷூ வடிவ மரப்பலகை, பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ஒரு லேஸ், ஓரத்தில் படிப்படியாகப் படங்கள். "ஆன்லைன்ல தேடிட்டேன் சார், இதே மாதிரி ஒண்ணுகூட இல்லை. பேட்டன்ட் கிடைச்சிடும்ல?"

இந்த 'இதே மாதிரி'யை நம்பித்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். அதே பொருள் எங்கும் இல்லையென்றால் அது புதியது, அவ்வளவுதான். அந்தத் துறையில் பழகியவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதா என்பது வேறு கேள்வி. நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இரண்டையும் கேட்கிறது. விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர், ஒரே பழைய ஆவணத்தில் முழுப் பொருளையும் காட்ட வேண்டியதில்லை. ஒன்றில் பலகை, இன்னொன்றில் இருநிற லேஸ் இருந்து, இரண்டையும் சேர்க்க ஒரு காரணமும் இருந்தால் போதும். எந்த முனை எது என்று குழம்பும் குழந்தைக்கு நிறம் பிரித்துக் கொடுக்க பொம்மை செய்பவருக்குத் தோன்றாதா? அந்த ஆவணம் ஐம்பது வருடப் பழசாக, வெளிநாட்டினதாக, கடைக்கே வராத பொருளைப் பற்றியதாக இருக்கலாம். கடையில் தேடினால் அது எப்படிக் கிடைக்கும்?

பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் ஒரு சாதனத்தின் காப்புரிமை, பிஷ்வநாத் பிரசாத் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பட்டறையில் வழக்கமாகச் செய்யும் திருத்தத்தைவிட மேலாக ஏதாவது இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஓரத்துப் படங்களும் உதவாது. தகவலை வெறுமனே காட்டுவது பிரிவு 3இலேயே விலக்கப்பட்டிருக்கிறது.

அதற்காக, எளிமையான பொருளெல்லாம் தள்ளுபடி ஆகும் என்று மனம் விட வேண்டாம். செய்து முடித்த பிறகு பார்த்தால் எதுவும் சுலபமாகத்தான் தெரியும். அந்தப் பார்வையோடு வரும் ஆட்சேபணைக்குப் பதில் எழுதுவதே எங்கள் வேலையில் பெரும்பகுதி. முதல் வளையம் அவிழாமல் பிடித்துக்கொண்டு, முடிச்சு விழுந்ததும் தானாக விடும் ஒரு கிளிப்பை நீங்கள் செய்திருந்தால், அதைப் பற்றிப் பேசலாம். முந்தைய கிளிப்புகள் ஏன் சரிவரவில்லை என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

முதலில் எஸ்பாசெனெட், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற இரண்டு காப்புரிமைத் தேடல் தளங்களிலும் தேடுங்கள். இலவசம்தான். தோற்றம் மட்டும் புதிதென்றால் வடிவமைப்புப் பதிவு போதுமா என்று கேளுங்கள். அப்புறம், தயவுசெய்து விண்ணப்பிக்கும் முன் வீடியோ போடாதீர்கள், பள்ளிக் கண்காட்சியில் வைக்காதீர்கள்; வெளியே காட்டிவிட்டால் அது புதியது என்று சொல்ல முடியாமல் போகலாம். கண்காட்சிக்கான 12 மாதச் சலுகை மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்குத்தான்.