கனெக்டர்: இணைப்பா, இணைப்பானா?

புது மதர்போர்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: “பழைய எஸ்எம்பிஎஸ்-இல் இருக்கும் கனெக்டர் இதற்குப் பொருந்துமா?” எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, கனெக்டர் அதன் ஒயர் முனையில் இருக்கும் செருகி. இந்த இடத்தில் கனெக்டருக்கு ‘இணைப்பு’ என்று எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். ‘8 பின் (அதாவது எட்டு உலோக முனை) இணைப்பு இல்லை’ என்றால் ஒயரின் முனையில் அந்தப் பொருளே இல்லையா, அல்லது இருந்தும் செருகவில்லையா?

லத்தீனில் ‘கொன்’ என்பது சேர்ந்து; ‘நெக்டெரே’ என்பது கட்டுதல். இரண்டும் கூடிய வினைச்சொல் ஆங்கிலத்தில் கனெக்ட் ஆனது. அந்த வேலையைச் செய்யும் பொருள் கனெக்டர். தமிழிலும் இதே வழிதான். இணை என்பது வினை, இணைப்பு தொழிற்பெயர், இணைக்கும் பொருள் இணைப்பான். அழிப்பான், தெளிப்பான் எல்லாம் இப்படி வந்தவைதாம். ஒலிபெருக்கி, மின்மாற்றி போல ‘இணைப்பி’ என்று எழுதுவோரும் உண்டு, தவறில்லை. ஆனால் ‘இணைப்பியை’, ‘இணைப்பை’ இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் நான் இணைப்பான் பக்கம்.

‘இணை’ என்பதற்குச் சோடி என்றும் பொருள் உண்டு. அது இங்கே நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் இணைப்பான் வேறு எதனோடும் சேராது, தன் சோடியோடு மட்டுமே சேரும்.

மதர்போர்டின் முதன்மை இணைப்பானை எடுத்துக்கொள்வோம். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு வடிவத்தில் அதற்கு 20 பின். பிறகு அது 24 ஆனது. கூடுதலாக வந்த நான்கும் 12, 5, 3.3 வோல்ட் தடங்களுக்கு ஒவ்வொன்று, மின்சாரம் திரும்பிப் போகும் கிரவுண்டுக்கு ஒன்று. அதனால்தான் பல எஸ்எம்பிஎஸ்-களில் ‘20+4’ என்று பிரித்துச் செருகும்படி இருக்கிறது. இந்தப் பக்கம் பெரிதாகச் சிக்கல் வராது.

கவனம் வேண்டியது பிராசசர் பக்கத்தில் இருக்கும் 8 பின் இணைப்பானுக்குத்தான். கிராபிக்ஸ் கார்டுக்கும் 8 பின் இணைப்பான் உண்டு, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள். பிராசசருக்கானது இரண்டாகப் பிரியும் வகையாக இருந்தால் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். பிராசசருக்கானதில் கிளிப் இருக்கும் வரிசையில் நான்கும் மஞ்சள் ஒயர், அதாவது 12 வோல்ட். எதிர் வரிசை நான்கும் கருப்பு, கிரவுண்டு. கார்டுக்கானதில் நேர்மாறாக, கிளிப் பக்கம் கருப்பு. இப்போது பல எஸ்எம்பிஎஸ்-களில் ஒயர் எல்லாமே கருப்பாக வருவதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. உறைமேல் பெரும்பாலும் ‘சிபியூ’ (பிராசசருக்கானது) அல்லது ‘பிசிஐ-இ’ (கார்டுக்கானது) என்று அச்சிட்டிருக்கும், அதையும் படித்துவிடுங்கள்.

துளைகளில் சில சதுரமாகவும் சில மூலை மழுங்கியும் இருக்கும். மாறிச் செருகிவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு அது. உள்ளே போகாவிட்டால் அழுத்தாதீர்கள். வலுக்கட்டாயமாகத் திணித்தால் 12 வோல்ட் நேரே கிரவுண்டோடு சேர்ந்து ஷார்ட் ஆகும்.

பழைய எஸ்எம்பிஎஸ்-இல் பிராசசருக்கு 4 பின் மட்டும் இருந்து, போர்டு 8 கேட்டால்? குறைந்த வாட் பிராசசரோடு பல போர்டுகள் 4 பின்னிலேயே இயங்கும். அதிக மின்சாரம் இழுக்கும் பிராசசருக்கு அது போதாது. தகவி, அதாவது அடாப்டர், போட்டுச் சமாளிப்பதைவிட எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்றுவதே நல்லது. சில போர்டுகளில் 8-ஐத் தவிர இன்னொரு 4 பின்னும் இருக்கும். சாதாரணப் பயன்பாட்டுக்கு அதைக் காலியாக விட்டாலும் பெரும்பாலான போர்டுகளில் பாதகமில்லை. மேனுவலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் 4 பின்னை எல்லோரும் ‘மோலெக்ஸ்’ என்கிறோம். மோலெக்ஸ் ஒரு நிறுவனத்தின் பெயர். அந்த 4 பின் வடிவம் ஏஎம்பி நிறுவனத்தின் மேட்-என்-லாக் வகையிலிருந்து வந்தது. மதர்போர்டின் 24 பின்தான் மோலெக்ஸின் மினி-ஃபிட் ஜூனியர் குடும்பம்.

அப்புறம், கழற்றக்கூடிய கேபிள் வரும் மாடுலர் எஸ்எம்பிஎஸ். போர்டுப் பக்க இணைப்பானுக்குப் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்துக்கு அப்படி ஒன்று இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம், சமயத்தில் மாடலுக்கு மாடல் ஒயர் வரிசை மாறும். செருகினால் உள்ளே போய்விடும், வோல்ட்டேஜ் மட்டும் தப்பான பின்னில் வந்து நிற்கும். எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்றினால் பழைய கேபிளையும் கழற்றிவிட்டுப் புதியதோடு வந்த கேபிளையே போடுங்கள்.