தினசரி ஓட்டமும் நெடும்பயணமும்: இரண்டு எஸ்.யூ.வி.களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன்

வண்டி வாங்குவதற்கு முன் ஆலோசனை கேட்டு வருபவர்களைவிட, வாங்கிய பிறகு "ஏன் இப்படி ஆகிறது?" என்று கேட்டு வருபவர்களையே ஒரு சர்வீஸ் இன்ஜினியர் அதிகம் பார்க்கிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கும் எனக்கு, சென்ற மாதம் இரண்டு விளக்கக் கையேடுகளோடு ஒரு தம்பதியர் வந்து அமர்ந்தபோது ஆறுதலாகவே இருந்தது. முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றார்கள். ஒன்று ஐந்து இருக்கைகள் கொண்ட பெட்ரோல் ஹைபிரிட் எஸ்.யூ.வி.; மற்றொன்று ஏழு இருக்கைகள் கொண்ட, சற்றுப் பெரிய டீசல் எஸ்.யூ.வி. இரண்டில் எது நல்ல வண்டி என்பது அவர்களுடைய கேள்வி. இரண்டுமே நல்ல வண்டிகள்தாம் என்று சொல்லிவிட்டு, கையேடுகளை மூடி ஓரமாக வைத்தேன். அவர்களுடைய ஓட்டத்தைப் பற்றி அவற்றில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மனைவி வேலைநாட்களில் நெரிசலான சாலையில் 7 கி.மீ. தூரத்திலுள்ள அலுவலகத்துக்குத் தானே ஓட்டிச் செல்கிறார். கணவர் ரயிலில் போகிறார். ஆண்டுக்கு ஐந்து முறை நெடும்பயணம், போக வர ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,100 கி.மீ. வீட்டில் கணவரின் பெற்றோரையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பேர். "எல்லோரும் அடிக்கடி ஒன்றாகத்தான் போவோம் சார்" என்றார் கணவர். அந்த "அடிக்கடி" என்ற சொல்லை நான் ஒருபோதும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சென்ற ஆண்டுப் பயணங்களின் படங்களைத் தொலைபேசியில் தேடிப் பார்க்கச் சொன்னேன். இருவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு தேடினார்கள். ஆறு பேரும் இருந்த பயணங்கள் இரண்டு.

பிறகு தாளில் கணக்குப் போட்டோம். அலுவலக ஓட்டம் 240 நாட்களுக்கு 3,360 கி.மீ., சில்லறை ஓட்டம் ஒரு 2,000 கி.மீ., நெடும்பயணம் 5,500 கி.மீ. ஆண்டு ஓட்டத்தில் பாதி நெடுஞ்சாலையில்தான் கழிகிறது. ஆனால் அந்தப் பாதி, போகும் நாளும் வரும் நாளுமாக வெறும் 10 நாட்களில் முடிந்துவிடுகிறது. கிலோமீட்டர் கணக்கையும் நாள் கணக்கையும் தனித்தனியாகப் போடாமல் எஸ்.யூ.வி. வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. எரிபொருள் செலவைக் கிலோமீட்டர் தீர்மானிக்கிறது; இன்ஜினின் ஆரோக்கியத்தையும் ஓட்டுபவரின் அலுப்பையும் பெரும்பாலும் நாட்கள்தாம் தீர்மானிக்கின்றன.

இதில் டீசல் வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இன்றைய டீசல் இன்ஜின்களின் புகைக்குழாய்ப் பாதையில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்னும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரி ஓரளவு சேர்ந்ததும் அதை எரித்துச் சாம்பலாக்கவேண்டும். அதற்கு வடிகட்டியின் உள்ளே ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்கு இது பெரிய காரியமல்ல. ஆனால் ஊர்ந்தும் நின்றும் 7 கி.மீ. ஓடி அணைந்துவிடும் வண்டியில் அந்த வெப்பம் கிடைப்பதில்லை. எனவே பல வண்டிகளில் இன்ஜின் தானாகவே சிலிண்டருக்குள் தாமதமாகக் கூடுதல் டீசலைப் பீய்ச்சி வெப்பத்தை உயர்த்தப் பார்க்கும். இந்தச் சுத்திகரிப்பு முடியப் பத்து முதல் இருபது நிமிடங்கள் ஆகும். அதற்குள் அலுவலகம் வந்துவிடும், சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள். மறுநாளும் இதே கதை. எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது.

அப்படி வந்த வண்டியில் டிப்ஸ்டிக்கை உருவினால், ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கும்; விரலில் தொட்டுத் தேய்த்தால் தண்ணீர்போல் ஓடும்; முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். ஒருவர் என்னிடம், "ஆயில் குறைந்தால்தானே சார் கவலை, இதில் கூடத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். கூடியது ஆயில் அல்ல என்பதை விளக்கச் சற்று நேரம் பிடித்தது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளையும் டர்போவையும் காப்பாற்றாது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் திறந்த சாலையில் சீரான வேகத்தில் ஓட்டும் வாய்ப்பு உள்ளவர்கள் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. சுமையோடு மலைப்பாதை ஏறும்போது குறைந்த சுழற்சியிலேயே டீசல் இன்ஜின் தரும் இழுவிசை அலாதியானது என்பதையும் மறுக்கமாட்டேன். (இந்த வடிகட்டிப் புகார்களோடு நான் கழித்த நாட்கள் அதிகம் என்பதால், இந்த விஷயத்தில் எனக்குச் சிறிது ஒருதலைப்பட்சம் இருக்கலாம், வாசிப்பவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.)

ஹைபிரிட் வண்டியின் பலம் இதற்கு நேர் எதிரான இடத்தில் இருக்கிறது. பிரேக் போடும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாக்கிச் சேமித்து, மறுபடி கிளம்பும்போது அது பயன்படுத்துவதால், நெரிசல் கூடக்கூட அதன் ஆதாயமும் கூடுகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. மீட்டெடுக்க ஆற்றலும் இல்லை. அங்கே அது ஏறக்குறைய சாதாரணப் பெட்ரோல் வண்டிதான். மேலும், உயரமான முகம் கொண்ட எந்த எஸ்.யூ.வி.யும் வேகத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. மணிக்கு 90 கி.மீ.யிலிருந்து 120 கி.மீ.க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 1.78 மடங்காகிவிடும். பல நாடுகளில் மைலேஜ் அளவிடப் பயன்படும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனையோ 30 நிமிடங்களில் 23 கி.மீ.யைச் சராசரியாக மணிக்கு 46.5 கி.மீ. வேகத்தில், ஏ.சி.யை அணைத்துவைத்து ஓட்டிக் கணக்கிடுவது. ஏ.சி.யோடும் முழுச் சுமையோடும் விரைபவர், அந்த எண் தமக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை.

மைலேஜை ஒப்பிடும் முறையிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. லிட்டருக்கு 10 கி.மீ. தரும் வண்டிக்குப் பதில் 12 கி.மீ. தரும் வண்டியை எடுத்தால், 12,000 கி.மீ. ஓட்டத்தில் 200 லிட்டர் மிச்சமாகும். 20 தரும் வண்டிக்குப் பதில் 22 தருவதை எடுத்தால் மிச்சம் சுமார் 55 லிட்டர்தான். இரண்டிலும் வித்தியாசம் அதே 2 கி.மீ. ஆகவே 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றி எழுதிப் பாருங்கள்.

இனி, யாருமே கேட்காத சுமைக் கணக்கு. ஏழு இருக்கைகள் இருப்பதாலேயே ஏழு பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் வண்டி சுமக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் நாம் ஏற்றக்கூடிய சுமை. அவர்கள் பார்த்த டீசல் வண்டிக்கு அது 2,510-இல் 1,990 போக 520 கிலோ. ஏழு பேர் அமர்ந்தால் ஆளுக்கு, பெட்டியும் சேர்த்து, 74 கிலோதான் வரும். குடும்பத்தின் ஆறு பேர் எடையையும் கேட்டுக் கூட்டினோம்: 385 கிலோ. பெட்டிகளுக்கு 90, கூரைமேல் கேரியரும் அதன் சரக்குமாக 50 என்று வைத்ததில், ஓர் இருக்கை காலியாக இருந்தும் 5 கிலோ மீறிவிட்டது. கணவர் பேனாவை வாங்கித் தாமே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். (வெற்று எடையைக் கேட்கும்போது அதில் ஓட்டுநரின் எடை சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், ஐரோப்பிய முறையில் 75 கிலோ ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும், வேறு சில முறைகளில் இருக்காது.)

மூன்றாம் வரிசையை நிமிர்த்தியதும் டிக்கியில் இரண்டு பெட்டிகளை நிற்கவைக்கும் இடமே எஞ்சும். மீதி கூரைக்கு ஏறும். கூரைக்கும் வரம்பு உண்டு. பல எஸ்.யூ.வி.களில் அது 75 முதல் 100 கிலோதான், அதுவும் கேரியரின் எடையையும் சேர்த்து. உயரமான வண்டியின் உச்சியில் எடை ஏற ஏற, அவசரமாக ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது அது சாயும் அளவும் கூடும். வழுக்கலையும் தடுமாற்றத்தையும் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. அவசியமான துணைதான், இயற்பியலை மீற அதனாலும் முடியாது.

சுமை கூடினால் டயரின் காற்றழுத்தமும் கூடவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து சேரும் தூணில் ஒட்டுவில்லை இருக்கும். அதில் குறைந்த சுமைக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு வேறோர் அளவும் அச்சிட்டிருப்பார்கள். குறைந்த அழுத்தத்தோடு நிறைந்த சுமையை வேகமாக இழுக்கும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறி, கடைசியில் வெடிப்பதும் உண்டு. இதையெல்லாம் ஊருக்குச் சொல்லும் நானே ஒருமுறை வேறொன்றை மறந்தேன். பின்பக்கம் சுமை நிறைந்த வண்டியோடு இரவில் திரும்பிக்கொண்டிருந்தபோது, எதிரே வந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஹை பீம் அடித்தார்கள். இவ்வளவு நாகரிகமற்றவர்களா என்று அரை மணி நேரம் சலித்துக்கொண்டே ஓட்டினேன். பின்பு ஸ்டீயரிங்குக்கு இடப்புறம் இருந்த சிறு உருளைத் திருகியைப் பார்த்தேன், பூஜ்யத்தில் நின்றது. பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் உயர்ந்ததில், என் ஹெட்லைட்தான் அவர்கள் கண்ணைக் குத்தியிருக்கிறது. அந்தத் திருகி, சுமைக்கேற்ப ஹெட்லைட்டின் ஒளியைத் தாழ்த்துவதற்கானது. நீங்கள் வாங்கும் வண்டியில் இந்தச் சரிசெய்தல் தானாக நடக்கிறதா, கையால் செய்யவேண்டுமா என்று கேட்டுவையுங்கள்.

குழந்தை இருக்கை பொருத்துபவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அதை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் இரண்டாம் வரிசையில்தான் இருக்கும். அங்கே குழந்தை இருக்கையை மாட்டிவிட்டால் அந்த இருக்கையை மடக்க முடியாமல், மூன்றாம் வரிசைக்குப் போகும் வழி அந்தப் பக்கம் அடைபட்டுவிடலாம். அதோடு, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசைவரை நீள்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பார்க்கும்போது எந்த ஆண்டுச் சோதனை, எந்த மாடல் வகை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சோதனை விதிகள் கடுமையாகிக்கொண்டே வருவதால் பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல.

கியர்பாக்ஸைப் பற்றிச் சுருக்கமாக: நெரிசலில் ஊர்வதே தினசரி வாழ்க்கை என்றால், உலர் கிளட்ச் (எண்ணெயில் நனையாத கிளட்ச்) கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தபடியே தேய்ந்து சூடாகும். நான்கு சக்கர இயக்கத்தையும் பலர் தேவையில்லாமல் வாங்குகிறார்கள். சேற்றிலும் பனியிலும் வண்டியைக் கிளப்ப அது உதவும். பிரேக் பிடிக்க உதவாது.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் சொல்லும் நேரத்தில் சொல்லும் பாதையில் எடுக்காதீர்கள். அலுவலகம் போகும் அதே நேரத்தில், அதே நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டு நிறுத்துமிடத்தில் நுழைத்து வெளியே எடுத்துப் பாருங்கள். கண்ணாடியை ஒட்டிய முன்தூண், திருப்பத்தில் நடந்து வருபவரை மறைக்கிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் இருட்டிய பிறகும் ஒருமுறை ஓட்டுங்கள். முக்கியமாக, வீட்டிலுள்ள எல்லோரையும் அழைத்துச் சென்று, அவரவர் உட்காரப்போகும் இடத்தில் உட்காரவையுங்கள்.

அவர்கள் அதைத்தான் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து மனைவி மட்டும் வந்தார். மூன்றாம் வரிசைக்குள் குனிந்து ஏறிய மாமனார், முழங்கால் நெஞ்சுக்கு ஏற உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதில் நான் எட்டு மணி நேரம் உட்காரமாட்டேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டாராம். அத்தோடு ஏழு இருக்கை வண்டி ஆறு பேருக்கு உதவும் என்ற வாதம் விழுந்தது. ஆறு பேரும் போகும் அந்த இரண்டு பயணங்களுக்குப் பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஐந்து இருக்கை ஹைபிரிட்டையே பதிவு செய்வதாகச் சொன்னார்.

டெலிவரி எடுக்கும் நாளில் டயர்களின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னேன். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. உதிரிச் சக்கரம் முழு அளவா, மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகக்கூடாத மெலிந்த சக்கரமா என்றும் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே ஷோரூமுக்குப் பேசினார். பேட்டரி அந்த இடத்தை எடுத்துக்கொண்டதால் உதிரிச் சக்கரமே கிடையாது, பஞ்சர் அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான் தருவோம் என்றார்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவத்தால் பயன் இல்லை என்றேன். ஆண்டுக்கு 5,500 கி.மீ. நெடுஞ்சாலையில் போகிறவர் யோசிக்கவேண்டிய செய்தி அது. தனியாக ஒரு சக்கரம் வாங்கிப் பெட்டிகளோடு வைத்தால் டிக்கியில் எவ்வளவு இடம் போகும் என்று அளப்பதற்காக, என் மேசையிலிருந்த அளவுநாடாவை வாங்கிக்கொண்டு போனார்.