வெளிநாட்டுக் காரை ஊருக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களிடம் சில ஏஜென்ட்டுகள் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: "காரையும் சேர்த்தே அனுப்பிடலாம் சார், எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்." கார் கப்பலேறும் வரை பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு துறைமுகத்தில் கார் நிற்க, வாடகை நாள்கணக்கில் ஏற, காகிதக் கட்டோடு அலைவது நீங்கள்தான்.

வெளிநாட்டில் ஓடிய காரை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இல்லை. ஆனால் டிஜிஎஃப்டி என்கிற வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம், இறக்குமதிக் கொள்கையின் 87ஆம் அத்தியாயத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகளைப் பார்த்தால், தடை என்றே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

முதலில் வயது. பழைய கார் 3 வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். இந்த 3 வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. கார் தயாரான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ஷோரூமில் எட்டு மாதம் நின்ற காரை வாங்கியிருந்தால் அந்த எட்டு மாதமும் உங்கள் கணக்கில்தான் சேரும். கப்பல் தாமதமானால் அதையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.

அடுத்தது ஸ்டியரிங். வலதுபக்க ஸ்டியரிங் வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். ஹெட்லைட் இடதுபக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் ஓடும் கார்கள் இடதுபக்க ஸ்டியரிங் கொண்டவை, எனவே முதல் வரியிலேயே அடிபட்டுவிடும். "இங்கே வந்ததும் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால், அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள்.

மூன்றாவது துறைமுகம். பழைய கார் மும்பை வழியாக மட்டுமே இறங்கலாம். புதுக் காருக்குச் சென்னை உண்டு, பழசுக்குக் கிடையாது. வீடு மதுரையில் இருக்கிறது, பக்கத்தில் தூத்துக்குடி இருக்கிறது என்பதெல்லாம் சுங்கத்துறைக்குப் பொருட்டே இல்லை. இறங்கினாலும் உடனே ஓட்டிப்போக முடியாது. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் ஒன்று பார்த்துச் சான்று தர வேண்டும். கார் இன்னும் 5 வருடமாவது சாலையில் ஓடத் தகுதியானது என்பதற்கும், அந்தக் காலத்தில் இங்கே சர்வீஸ் வசதி இருக்கும் என்பதற்கும் உறுதி காட்ட வேண்டும். இந்தியாவில் விற்காத மாடல் என்றால் இந்த இரண்டாவது உறுதியை யார் தருவது? சான்று வரும்வரை வாடகை மட்டும் நிற்காமல் ஓடும்.

"அப்போ புதுசாவே வாங்கி அனுப்பிடறேன்" என்பவர்களும் உண்டு. எந்த நாட்டிலும் பதிவாகாத கார்தான் இங்கே புதுக் கார். அங்கே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாமே என்று பதிவு செய்துவிட்டால், மீட்டர் நூறு கிலோமீட்டர் காட்டினாலும் அது பழைய கார்தான்.

நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்குத் தனி வழி ஒன்று உண்டு: வெளிநாட்டில் தொடர்ந்து 2 வருடம் வசித்திருக்க வேண்டும், கார் குறைந்தது ஓராண்டாவது அங்கே உங்கள் வசம் இருந்திருக்க வேண்டும். இதில் கிடைப்பது இறக்குமதி நிபந்தனைகளில் தளர்வு மட்டும்தான். வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வீட்டுச் சாமானுக்குக் கிடைக்கும் சலுகை காருக்கும் உண்டு என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். சுங்கச் சட்டத்தின் 2(3) பிரிவு, பயணச்சாமான் என்பதில் மோட்டார் வாகனம் சேராது என்று நேரடியாகவே சொல்கிறது. கம்பெனி கொடுத்த காரையும், மச்சான் பெயரில் இருந்த காரையும் இந்த வழியில் கொண்டுவரப் பார்த்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வரிக்கு வருவோம். பழைய காருக்கு அடிப்படைச் சுங்கம் 125 சதவீதமாக இருந்தது, 2025 பட்ஜெட்டில் 70 ஆனது என்று செய்தி வந்ததும் பலர் மகிழ்ந்தார்கள். கூடவே 67.5 சதவீத வேளாண் கட்டமைப்பு வரி ஒன்றையும் போட்டார்கள். அந்தப் பழைய 125-உம் அதன் மேல் இருந்த 12.5 கூடுதல் வரியும் சேர்ந்து மொத்தம் முன்பும் 137.5, இப்போதும் 137.5. அதற்கும் மேல் ஜிஎஸ்டி.

இந்த வரி நீங்கள் கொடுத்த விலைக்கு இல்லை என்பதுதான் பெரிய பொறி. "சிங்கப்பூரில் அவசரமா விக்கற கார், அடிமாட்டு விலை" என்று வாங்கினாலும், மாமா சும்மா கொடுத்தாலும், சுங்கத்துறை எடுப்பது தயாரிப்பாளரின் விலைப்பட்டியலை. அதிலிருந்து முதல் வருடம் காலாண்டுக்கு 4, இரண்டாம் வருடம் 3, மூன்றாம் வருடம் 2.5 சதவீதம் என்று தேய்மானம் கழிப்பார்கள். 20 லட்ச ரூபாய்க் காருக்கு 2 வருடத் தேய்மானம் போக 14.4 லட்சம். கப்பல் கட்டணமும் இன்சூரன்சும் 1.6 லட்சம் என்று வைத்தால் 16 லட்சம். சுங்கம் 22 லட்சம். இரண்டும் சேர்ந்த 38 லட்சத்தின் மேல் 40 சதவீத ஜிஎஸ்டி 15.2 லட்சம். 16 லட்சக் காருக்கு வரி 37.2 லட்சம்! ஆர்டிஓவில் ஆயுள் வரி இன்னும் பாக்கி. தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு அது 20 சதவீதம்.

இங்கேயே ஓடிக்கொண்டிருக்கும் இறக்குமதிக் காரைக் கைமாற்றாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஆர்சி புத்தகம் சுத்தமாக இருப்பது போதாது. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தில் நடத்திய சோதனையில், பூடானிலிருந்து கடத்திப் போலி ஆவணங்களால் பதிவு செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட கார்களைப் பறிமுதல் செய்தது. பணம் கொடுத்து வாங்கியவருக்குத்தான் முதலில் நோட்டீஸ் வரும். கார்னே என்ற சுற்றுலா அனுமதியில் வரி கட்டாமல் வந்து, திரும்பிப் போக வேண்டிய கார்களையும் இப்படி விற்கப் பார்க்கிறார்கள்.

அதனால் பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது கார் இறங்கியபோது சுங்கத்துறையில் தாக்கல் செய்த இறக்குமதி ஆவணத்தை, முதலில் கேளுங்கள். அதில் உள்ள சேசிஸ் எண்ணைக் காரில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இறக்கியவர் பெயரையும், வரி கட்டிய சலானையும் பாருங்கள். "ஒரிஜினல் பழைய ஓனர்கிட்ட இருக்கு, அடுத்த வாரம் வந்துடும்" என்றால் முன்பணத்தையும் அடுத்த வாரமே கொடுங்கள்.