அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஜியாலஜி படித்தவர்களுக்கான வேலைகள்: யார் விண்ணப்பிக்கலாம்?

ஜியாலஜி படித்தவர்கள் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் போக நாலு வழி இருக்கிறது: இன்டர்ன்ஷிப், நிரந்தர அரசு வேலை, சீசன் ரேஞ்சர் (பூங்காவைக் காத்து, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் ஊழியர்) வேலை, ஆய்வு அனுமதி. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. விசாவில் இருக்கும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பங்களை நிரப்பி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

இளம் பட்டதாரிகளுக்கு ஏற்றது இன்டர்ன்ஷிப். 1990-களிலிருந்து 'ஜியோசயின்டிஸ்ட்ஸ் இன் தி பார்க்ஸ்' என்ற பெயரில் நடந்தது, இப்போது 'சயின்டிஸ்ட்ஸ் இன் பார்க்ஸ்' என்ற பெரிய திட்டத்துக்குள் வந்துவிட்டது. புதைபடிவங்களைக் கணக்கெடுப்பது, குகைகளை அளந்து வரைபடமாக்குவது, பாறைச் சரிவு அபாயத்தைப் பதிவு செய்வது, பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடங்களைத் தயாரிப்பது என்று பூங்காவுக்குப் பூங்கா வேலை மாறும். வாராந்திர உதவித்தொகை உண்டு. தங்க இடமோ அதற்கான படியோ கிடைக்கும். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும்தான் விண்ணப்பிக்கலாம், மாணவர் விசா போதாது. கோடைக்கால வேலைக்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பம் வாங்கிவிடுகிறார்கள்.

உதவித்தொகை கொஞ்சம்தான். என்னைக் கேட்டால், இதில் கிடைக்கும் உண்மையான லாபம் 640 மணி நேரக் கணக்கு. 'பப்ளிக் லேண்ட்ஸ் கார்ப்ஸ்' (பொது நிலங்களில் இளைஞர்களைப் பணியில் சேர்க்கும் அரசுத் திட்டம்) விதியின் கீழ் வரும் பணியிடமாக இருந்து, தகுதியான இயற்கைப் பாதுகாப்புப் பணியில் 640 மணி நேரத்தை முடித்தவர்கள், அடுத்த 2 ஆண்டுகளுக்குப் பொதுப் போட்டியில் நிற்காமலேயே அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு 30, முன்னாள் ராணுவத்தினருக்கு 35. வேலை நிச்சயம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஆயிரம் பேர் நிற்கும் வரிசையை விட்டு விலகிச் சின்ன வரிசைக்கு வந்துவிடலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வாரம் 40 மணி நேரம் என்றால் 640 மணி நேரத்துக்கு 16 வாரம் ஆகும். 12 வாரக் கோடை இன்டர்ன்ஷிப் 480-லேயே நின்றுவிடும். மிச்சத்தை வேறொரு தகுதியான பணியில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஆகவே, "சரி, வருகிறேன்" என்று சொல்வதற்கு முன்பே எத்தனை வாரம், இந்த விதியின் கீழ் வருகிறதா, முடிவில் சான்றிதழ் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிரந்தர வேலைக்கு அரசின் 'யுஎஸ்ஏஜாப்ஸ்' தளத்தில் நிலவியலாளர் வேலைகளுக்கான 1350 என்ற தொடர் எண்ணில் தேட வேண்டும். ஜியாலஜி பட்டத்தோடு கணிதம், இயற்பியல், வேதியியல், நீரியல் போன்ற துணைப் பாடங்களில் 20 செமஸ்டர் மணி நேரமும் (அமெரிக்கக் கல்லூரிகளில் பாடத்தை அளக்கும் அலகு) கேட்பார்கள். அரசின் 'ஜிஎஸ்' சம்பள நிலைகளில் இளநிலைப் பட்டத்துக்கு ஜிஎஸ்-5, முதுநிலைக்கு ஜிஎஸ்-9 என்பது தொடக்க நிலை. பொதுவாகக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு செல்லாது. இந்தப் பணியிடங்கள் குறைவு. 2025 ஜனவரியில் அரசு நியமனங்களை நிறுத்திவைத்த உத்தரவையும் நினைவில் வைத்து, இப்போதைய நிலவரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கற்பிக்கத்தான் ஆசை என்றால் 0025 என்ற ரேஞ்சர் தொடரைப் பாருங்கள். இதற்கும் குடியுரிமை வேண்டும், ஆனால் ஜியாலஜி பட்டம் கட்டாயமில்லை. சீசன் வேலை ஆண்டுக்கு 1,039 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஏறக்குறைய ஆறு மாதம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் 2010-இல் திறந்த 'டிரெய்ல் ஆஃப் டைம்' பாதையைப் பார்த்தால் இந்த வேலை எப்படிப்பட்டது என்று புரியும். ஒவ்வொரு மீட்டரும் 10 லட்சம் ஆண்டு, தரையில் மீட்டருக்கு ஒரு பித்தளைக் குறி. வழி நெடுகப் பள்ளத்தாக்கின் பாறைகளை வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். அவற்றில் மூத்தது சுமார் 184 கோடி ஆண்டுப் பழையது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழக நிலவியலாளர்கள் பூங்காவோடு சேர்ந்து உருவாக்கியது இது. இன்டர்வியூவில் தாதுக்களின் பெயரை ஒப்பிப்பதை விட, பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாறையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிக்காட்டத் தெரிவது அதிகம் உதவும்.

அப்புறம், விசாவில் இருப்பவர்கள், இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து ஆய்வு செய்ய வருபவர்கள். இவர்களுக்கு ஆய்வு அனுமதி வழி திறந்திருக்கிறது. தேசியப் பூங்கா சேவையின் இணைய அமைப்பில் ஆய்வுத் திட்டத்தைப் பதிவேற்ற வேண்டும். தகுதியும் அனுபவமும், அல்லது பெயருள்ள கல்வி நிறுவனத்தின் சார்பும் கேட்பார்கள். களப்பணிக்கு 90 நாளுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. ஒவ்வொரு ஆண்டும் அறிக்கை கொடுக்க வேண்டும். எடுத்த மாதிரிகள் எந்த ஆய்வகத்தில் இருந்தாலும் அமெரிக்க அரசின் சொத்துதான். அனுமதி கைக்கு வருவதற்கு முன் ஒரு கூழாங்கல்லைப் பையில் போட்டாலும் குற்றம், நீங்கள் நிலவியல் பேராசிரியராக இருந்தாலும் சரி.