புற்றுநோய் இறப்பு: உங்கள் ஊர்க் கணக்கை வாங்குவதும் நாட்டுக் கணக்கோடு ஒப்பிடுவதும்

ஆலைக் கழிவுநீர் ஓடும் ஊர்களில் மக்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "எங்க தெருவுலயே அஞ்சாறு பேர் கேன்சர்ல போயிட்டாங்க." அதை மனுவாக எழுதித் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்தால், சில வாரம் கழித்து ஒரு கடிதம் வரும்: இறப்புப் பதிவேட்டின்படி உங்கள் பகுதியில் புற்றுநோய் இறப்பு சராசரியைவிட அதிகம் இல்லை. அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். இப்படித் திரும்பி வந்த பலரை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் நடந்த சாவு பொய்யில்லை. ஆனால் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே மாரடைப்பு என்றோ முதுமை என்றோ எழுதியிருக்கிறது. சராசரியோடு ஒப்பிடுவதற்கு முன்னால் அந்த இறப்பு சரியாகப் பதிவாக வேண்டும். பாதிச் சண்டை அங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. 2023-இல் திருத்தினார்கள், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. இதன் பிரிவு 10-இன்படி, அரசு மருத்துவமனையோ தனியாரோ, அங்கே இறந்தவருக்கு நோய் வரலாற்றோடு இறப்புக் காரணச் சான்று எழுதிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதன் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும். இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வீட்டில் இறந்தவராக இருந்தால், கடைசி நோயின்போது பார்த்த மருத்துவர் அந்தச் சான்றை இலவசமாகத் தர வேண்டும். மருத்துவமனை இறப்புக்குப் படிவம் 4, வீட்டு இறப்புக்குப் படிவம் 4அ. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "இறப்புக் காரணச் சான்று" என்று மட்டும் கேட்டால், பல இடங்களில் சாதாரண இறப்புச் சான்றிதழை நீட்டிவிடுகிறார்கள்.

சாதாரண இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. பிரிவு 17 அதை வெளியிடவே தடுக்கிறது. இது தெரியாமல் "சான்றிதழில் புற்றுநோய்னு போட்டுக் குடுங்க" என்று பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவர்கள் உண்டு. அங்கே இருப்பவரும் சட்டத்தில் இடமில்லை என்று ஒரே பேச்சில் சொல்வதில்லை. அடுத்த வாரம் வாங்க, சர்வர் வேலை செய்யல, ஐயா மீட்டிங்ல இருக்காங்க என்று இழுக்கிறார்கள். அந்த வரிசையில் நிற்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது மருத்துவமனை தர வேண்டிய படிவம் 4-இன் நகல்.

அதே பிரிவு 17-க்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம், பரம்பரை வியாதி என்று பேசுவார்கள் என்று பயந்து, பதிவு செய்யும்போது "வயசாயிடுச்சு, தூக்கத்துலயே போயிட்டார்" என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கையில் கிடைக்கும் சான்றிதழில் அந்த வார்த்தை வரவே வராது. இதை எடுத்துச் சொன்னால் பலர் உண்மையான காரணத்தைப் பதிவு செய்யச் சம்மதிக்கிறார்கள்.

இறப்பு காணாமல் போகும் இடங்கள்

முதல் இடம், படிவம் 4-இன் முதல் வரி. அதில் உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அடிப்படைக் காரணம் என்று வரிசையாக எழுத வேண்டும். நோயைத்தான் எழுத வேண்டும், இதயம் நின்றது போன்ற சாகும் விதத்தை எழுதக் கூடாது என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. ஆனாலும் இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் "இதய, சுவாச நிறுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். எல்லாச் சாவிலும் இதயம் நிற்கத்தான் செய்யும். இரண்டு வருடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த அம்மா, கணக்கில் இதய நோயாளி ஆகிவிடுகிறார். உடலை வாங்கும் நேரத்தில் யாருக்கும் படிவம் படிக்க மனம் இருக்காது. அதனால் கொஞ்சம் தள்ளி நிற்கும் ஓர் உறவினர், அக்கம்பக்கத்தவர் யாராவது அதைப் பார்க்கட்டும். அடிப்படைக் காரணம் என்ற வரியில் புற்றுநோயும் அது எந்த உறுப்பில் வந்தது என்பதும் இருக்கிறதா? இல்லையென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறிய பிறகு பிரிவு 15-இன்படி திருத்தலாம்தான். ஆனால் அதற்கு மருத்துவர் திரும்பவும் எழுதித் தர வேண்டும், சாட்சி உறுதிமொழி வேண்டும், அலைச்சல் பல மடங்கு.

இரண்டாவது இடம் வீடு. இதில்தான் ஜனங்களை அதிகம் வதைக்கிறார்கள். "இனி ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பெரிய மருத்துவமனை அனுப்பிவிடும். மூன்று வாரத்தில் நோயாளி வீட்டில் இறந்துவிடுவார். படிவம் 4அ கேட்டு அங்கே போனால், "இங்க இறக்கலையே, நாங்க எப்படி எழுதறது" என்பார்கள். உள்ளூர் மருத்துவரிடம் போனால், "நான் கேன்சருக்குப் பார்க்கலையே" என்பார். நடுவில் 21 நாள் ஓடிவிடும். அதற்குள் பதிவு செய்தால்தான் இலவசம். 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு. இந்தக் கெடுவுக்குப் பயந்து குடும்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்லும், அவர் "முதுமை" என்று எழுதுவார், கதை முடிந்தது.

இதற்கு ஒரே வழி, நோயாளி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது. வீட்டுக்கு அழைத்து வந்த முதல் வாரத்திலேயே டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி முடிவு இரண்டின் நகலோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு. வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லி நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். நோயாளிக்கு வலி குறையும், அது முதல் லாபம். கூடவே, கடைசி நோயின்போது பார்த்தவர் என்று சட்டம் சொல்லும் மருத்துவர் ஒருவர் கிடைத்துவிடுவார். அவர் படிவம் 4அ தர மறுக்க முடியாது.

ஒரு நாள் கழித்து வாங்கிக்கலாம் என்று மட்டும் விடாதீர்கள். மருத்துவர் மாறுதலாகிப் போய்விட்டால் புதியவர் கையெழுத்துப் போட மாட்டார்.

எண்களைக் கேட்கும்போது

ஊராட்சியின் இறப்புப் பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் அந்தந்த அலுவலகத்தில். மாநிலத்தின் தலைமைப் பதிவாளர் பொது சுகாதாரத் துறை இயக்குநர். ஆண்டுதோறும் புள்ளிவிவர அறிக்கை வெளியிடுவது பிரிவு 19-இன்படி தலைமைப் பதிவாளரின் கடமை. ஆனால் உங்கள் ஊராட்சிக் கணக்கை யாரும் தானாக எடுத்துத் தர மாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போட வேண்டியதுதான்.

மனு தோற்பது பெரும்பாலும் கேள்வியின் வடிவத்தால். "எங்கள் ஊரில் ஏன் புற்றுநோய் அதிகம்?" என்று கேட்டால், விளக்கம் தருவது இந்தச் சட்டத்தில் வராது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பதிவேட்டில் உள்ளதை மட்டும் கேளுங்கள். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை பதிவான ஒவ்வோர் இறப்புக்கும் ஆணா பெண்ணா, வயது, வழக்கமாக வசித்த ஊர், பதிவேட்டில் எழுதிய காரணம், மருத்துவச் சான்று உண்டா இல்லையா. பெயரும் முகவரியும் நீக்கித் தருக. கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லையென்றால் தனிநபர் தகவல் என்று தள்ளிவிடுவார்கள். அப்படியும் தள்ளினால், மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தரச் சொல்லும் பிரிவு 10-ஐ மேல்முறையீட்டில் காட்டுங்கள். இது தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 10. மேலே சொன்ன பதிவுச் சட்டத்தின் பிரிவு 10 வேறு. பிரிவு 17-ஐக் காட்டி மறுத்தால், அது ஒருவருடைய பெயரில் தரும் சான்றிதழைப் பற்றியது, பெயர் நீக்கிய பட்டியலைப் பற்றியது இல்லை என்று எழுதுங்கள். "இந்தத் தகவல் எங்களிடம் இல்லை, அங்கே கேளுங்கள்" என்று மனுவைத் திருப்பித் தருவதும் தவறு. உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களேதான் மாற்ற வேண்டும்.

ஒப்பிடும்போது விழும் குழிகள்

சரி, எண்கள் கையில் வந்துவிட்டன. இங்கே அவசரப்பட்டால் நீங்களே உங்கள் புகாரைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

இறப்பு, நடந்த இடத்தில் பதிவாகிறது. அரியலூர்க்காரர் சென்னை மருத்துவமனையில் இறந்தால் சென்னைப் பதிவேட்டில்தான் ஏறுவார். பெரிய மருத்துவமனை உள்ள மாவட்டத்தில் எண்ணிக்கை வீங்கும், நோயாளிகளை அனுப்பும் மாவட்டத்தில் சுருங்கும். "உங்க மாவட்டத்துல குறைவுதான்" என்று அதிகாரி சொன்னால், இறந்த இடத்தை வைத்தா, வசித்த இடத்தை வைத்தா என்று கேளுங்கள். புற்றுநோய்ப் பதிவேடுகள் வசிப்பிடத்தை வைத்தே எண்ணுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தில் சென்னைக்கு 1980-களின் தொடக்கத்திலிருந்தே பதிவேடு இருக்கிறது. தமிழ்நாடு முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டம் மாவட்ட வாரியாக அறிக்கை தருகிறது. மாவட்ட அளவுக்கு அந்த அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுப் போக்கைப் பார்க்கும்போது மாவட்டப் பிரிப்பை மறக்காதீர்கள். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு அதே ஆண்டு, மயிலாடுதுறை 2020-இல். 2015-இன் வேலூரையும் 2021-இன் வேலூரையும் பக்கத்தில் வைத்து "இறப்பு குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், குறைந்தது வேலூரின் பரப்பு.

அடுத்து வயது. புற்றுநோய் வயது ஏற ஏற அதிகமாகும். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, நாட்டுச் சராசரி 10.1. அதனால் வெறும் லட்சத்துக்கு இத்தனை என்ற கணக்கில் தமிழ்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் நாட்டைவிடக் கூடுதலாகத்தான் தெரியும். அதைக் காட்டி மனு போட்டால் "உங்க ஊர்ல முதியவர்கள் அதிகம்" என்று ஒரே வரியில் அடித்துவிடுவார்கள். வயதைச் சமப்படுத்திய விகிதத்தோடுதான், அதாவது இரண்டு இடத்திலும் வயது வாரியான மக்கள் பங்கு ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்ட விகிதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கு உங்களுக்குக் கடினமாக இருந்தால் 35 முதல் 64 வயது வரையான இறப்பைத் தனியே பிரித்து வையுங்கள். அந்த வயதில் கூடுதலாக இருந்தால் முதுமை என்ற சாக்கு எடுபடாது. அந்த வயதில் ஊரில் எத்தனை பேர் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரின் குடும்பப் பதிவேட்டில் பார்க்கலாம். 2011 மக்கள்தொகையை அப்படியே எடுத்து இன்றைய இறப்பை வகுக்காதீர்கள்.

இன்னொன்று, விழுக்காட்டையும், லட்சம் பேருக்கு இத்தனை இறப்பு என்ற விகிதத்தையும் குழப்பாதீர்கள். மருத்துவச் சான்று பெற்ற இறப்புகளில் இத்தனை விழுக்காடு புற்றுநோய் என்று நாட்டறிக்கை சொல்லும். 2020-இல் நாட்டில் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடுதான். மீதி முக்கால் பங்கின் காரணம் யாருக்கும் தெரியாத கணக்கை ஊரோடு எப்படி ஒப்பிடுவது? நாடாளுமன்றப் பதில்களில் வரும் மாநில வாரியான புற்றுநோய் இறப்பு எண்களும் எண்ணி எடுத்தவை இல்லை. புதிய நோயாளிகளின் மதிப்பீட்டை ஒரு விகிதத்தால் பெருக்கி வந்தவை. "அரசு எண்" என்று அதிகாரி அதை மேசைமேல் வைத்தால், மதிப்பீடா பதிவா என்று எழுத்தில் கேளுங்கள்.

சின்ன ஊரின் எண் ஆடும். 2022-இல் இந்தியாவில் சுமார் 9.16 லட்சம் பேர் புற்றுநோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. லட்சத்துக்குச் சுமார் 65 பேர். 5,000 பேர் வாழும் ஊருக்கு ஆண்டுக்கு மூன்று பேர் என்று வருகிறது. ஒரு வருடம் ஆறு பேர் இறந்துவிட்டார்கள், இரண்டு மடங்கு என்று ஓடினால் நிற்காது. அடுத்த வருடம் ஒருவர்தான் இறந்திருப்பார். ஐந்து, ஆறு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், பக்கத்து இரண்டு ஊராட்சிகளையும் அதே ஆண்டுகளுக்குக் கேளுங்கள். ஐந்து ஆண்டிலும் கூடுதலாக நின்று, அதில் ஒரே உறுப்பின் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்தால், அது ஆய்வு கேட்கத் தகுந்த எண். அப்போது "இழப்பீடு வேண்டும்" என்று தொடங்காமல், வசிப்பிட வாரியாக வயது சமப்படுத்திய விகிதத்தைக் கணக்கிட்டுத் தரும்படி பொது சுகாதாரத் துறை இயக்குநருக்கு எழுதுங்கள், நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

எல்லா மனுவையும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தகவல் மனுவுக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் அதிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தேதி தவறினால் திரும்ப 10 ரூபாய் வில்லையில் இருந்து தொடங்க வேண்டும்.